முதல் வரிசையில் ஒரு சார்ஜன்

வானொலியில் கல்வி நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு ஒன்று தெரியும். நேரலையில் வரும் அழைப்புகளைவிட, ஒலிவாங்கியை மூடிய பிறகு வரும் அழைப்புகளில்தான் பெரிய கேள்வி இருக்கும். எஸ்.பி.எம். முடிவுகள் வெளியான வாரம் அது. மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம்., தனியார் கல்லூரி, கல்விக் கடன் என்று ஒரு மணி நேரம் பேசி முடித்து, செய்திக்கு வழிவிட்டு எழுந்தேன். நிலையத்துத் தொலைபேசியில் ஓர் அக்காள் காத்திருப்பதாகச் சொன்னார்கள்.

“தங்கச்சி, எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கும்போது கேக்கக் கூச்சமா இருந்துச்சு. என் வீட்டுக்காரரு ஆர்மில இருக்காரு. பதினாலு வருசம் ஆச்சு. அடுத்த வருசம் வெளிய வர்றாரு. காலேஜுல சேர்ந்து படிக்கணும்னு சொல்றாரு. முப்பத்தஞ்சு வயசுல சேத்துக்குவாங்களா? அவரு படிச்ச ஆர்மி கோர்ஸ் எல்லாம் கணக்குல வருமா?”

பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பதில் சொன்ன எனக்கு, அந்த அக்காளுக்கு ஒரு நிமிடப் பதில்கூடக் கைவசம் இல்லை. எண்ணைக் குறித்துக்கொண்டு, “விசாரிச்சுட்டுக் கூப்பிடுறேன்கா” என்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. இந்தக் கேள்விக்கான பதில் எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் அம்மாவின் கடைசித் தம்பி, நாங்கள் ‘சின்ன மாமா’ என்று கூப்பிடுகிறவர், இதே வழியாக நடந்து, நடுவில் விழுந்து, மறுபடி எழுந்து போனவர். அப்போது அவருக்கு என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. அந்த வாரக் கடைசியில்தான் கேட்டேன்.

வாத்தியார் என்று நினைத்த வகுப்பு

மாமா 1996-இல், 19 வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். போர்ட்டிக்சனில் அடிப்படைப் பயிற்சி முடித்து, தகவல் தொடர்புப் பிரிவான ‘செம்போயான்’ பக்கம் போனார். வானொலிக் கருவிகள், அலைவாங்கிக் கம்பங்கள், கேபிள், ஜெனரேட்டர் என்று 21 வருடங்கள். நடுவில் ஐ.நா. அமைதிப்படையில் லெபனானில் கொஞ்ச காலம். 2017-இல் ஸ்டாப் சார்ஜனாக ஓய்வு பெற்றபோது வயது 40. மூத்த பெண் நான்காம் படிவம், சின்னவன் ஆறாம் ஆண்டு.

மறு ஆண்டு ஒரு தனியார் கல்லூரியில் மின்னணுத் தொலைத்தொடர்பு டிப்ளோமாவில் சேர்ந்தார். பழைய எஸ்.பி.எம். முடிவே நுழைவுக்குப் போதுமாக இருந்தது.

முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று அடங்கினார்களாம். இரண்டு பேர் எழுந்து “குட் மார்னிங் சார்” என்றார்களாம். மாமா முதல் வரிசையில் போய் உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு வந்தது. அடுத்த வாரத்திலிருந்து எல்லோருக்கும் அவர் ‘அங்கிள்’.

“முதல் வரிசையில உக்காந்ததுக்குக் காரணம் படிப்பு ஆசை இல்லம்மா. இடது காது சரியாக் கேக்காது. வெடிச் சத்தம், ஜெனரேட்டர் சத்தம், ஹெட்போன், எல்லாம் சேந்து போன காது. லெக்சரருக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

இதை அவர் சொல்லும்வரை எங்கள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது.

தெரிந்ததற்கு நான்கு மாதம், தெரியாததற்கு நாலு வாரம்

முதல் செமஸ்டரில் வானொலித் தொடர்பின் அடிப்படை என்று ஒரு பாடம். விரிவுரையாளருக்கு 28 வயது இருக்கலாம், நல்ல பையன் என்கிறார் மாமா. ஹெச்.எஃப். அலைகள் மேல்வளிமண்டலத்தில் பட்டுத் திரும்புவதைப் படம் போட்டு விளக்கினார். பகலில் உயர்ந்த அலைவரிசை, இரவில் தாழ்ந்த அலைவரிசை ஏன் என்பதைப் பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். மாமாவோ காட்டுக்குள் மரத்துக்கு மரம் கம்பி கட்டி, இருட்டியதும் அலைவரிசையை இறக்கி, பல மைல் தள்ளியிருந்த முகாமோடு பேசியவர். இளம் வீரர்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பாடத்துக்கு முழுக் கட்டணம் கட்டி, முழு செமஸ்டர் உட்கார்ந்தார்.

அதே செமஸ்டரில் கணிதம். எஸ்.பி.எம். எழுதி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட மனிதருக்கு, மடக்கையும் கலப்பு எண்களும் நாலே வாரத்தில் ஓடின. பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கு அது போன வருடப் பாடத்தின் தொடர்ச்சி. இவருக்கு அது மூடிய கதவு. கணிதத்தில் தேறவில்லை.

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. அந்தக் கல்லூரி யாரையும் அவமானப்படுத்தவில்லை, மோசமாகவும் நடத்தவில்லை. ஆனால் மாமாவுக்குத் தெரிந்த பாடத்துக்கு அவர் பணத்தையும் நேரத்தையும் வாங்கிக்கொண்டது. தெரியாத பாடத்துக்குத் தோள் கொடுக்கவில்லை. ராணுவத்திலிருந்து படிக்க வருகிறவர்கள் விஷயத்தில் கல்லூரிகள் செய்யும் பெரிய தவறு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களை இருபது வருடம் தாமதமாக வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் சொன்னார். இப்போது சிரிக்கிறார், அப்போது சிரித்திருக்க மாட்டார். இணைப்பாட நடவடிக்கைக்காக ஒரு சனி ஞாயிறு தலைமைத்துவ முகாமுக்குப் போயே ஆகவேண்டும் என்றார்களாம். அங்கே 22 வயது ஏற்பாட்டாளர் ஒருவர் கூடாரம் கட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். அந்தச் சனிக்கிழமை மகளுடைய பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. அத்தை தனியாகப் போனார்.

இரண்டாவது செமஸ்டர் பாதியில் மாமா நின்றுவிட்டார். ஏன் என்று கல்லூரியிலிருந்து யாரும் அழைத்துக் கேட்கவில்லை. கட்டண நினைவூட்டல் மட்டும் வந்தது. வீட்டில் நாங்களும், “வயசாயிடுச்சு, படிப்பு ஏறல” என்று எங்களுக்குள் பேசி முடித்துவிட்டோம்.

பென்ஷன் இருக்கிறதே, என்ன கவலை?

படையிலிருந்து வந்தவர்களைப் பற்றி நம்மில் பலரும் சொல்வது இது. ஆனால் சாதாரண நிலை வீரர்களுக்கு 21 ஆண்டுகள் சேவை முடித்தால்தான் ஓய்வூதியம். மாமா அதை முடித்தார். என்னை அழைத்த அக்காளின் கணவரைப்போல் பத்து, பதினாலு வருடத்தில் வெளியே வருகிறவர்களுக்கு மாத ஓய்வூதியம் இல்லை. எல்.டி.ஏ.டி. எனும் ராணுவச் சேமநிதியில் சேர்ந்த தொகை கைக்கு வரும். அதிலிருந்துதான் வீட்டுத் தவணை, பிள்ளைகளின் செலவு, புதுத் தொழில், படிப்பு எல்லாமே.

இவர்களுக்கு வழியே இல்லை என்று சொல்லக் கூடாது. முன்னாள் வீரர் நலத்துறையான ஜே.எச்.இ.வி. இருக்கிறது. ஓய்வு பெறுகிறவர்களுக்குத் தொழில்திறன் பயிற்சி கொடுக்கும் பெர்ஹெபாட் இருக்கிறது. ஆனால் அதைத் தாண்டி ஒரு டிப்ளோமாவோ பட்டமோ படிக்க நினைத்தால், கல்லூரி வாசலில் அவர் தனி மனிதர்தான். பி.டி.பி.டி.என். கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வயது 45-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. நாற்பதில் வெளியே வந்து, இரண்டு மூன்று வருடம் வேலை தேடி, பிறகு படிக்கலாம் என்று முடிவெடுக்கிறவருக்கு அந்தக் கதவு சாத்தும் நேரம் நெருங்கியிருக்கும். அதனால் அவர் வீணாக்கும் ஒவ்வொரு செமஸ்டரும் குடும்பப் பணத்திலிருந்து போகும் செமஸ்டர்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சுமை உண்டு. ராணுவத்தில் நம்மவர் எண்ணிக்கை குறைவு. எனவே கல்லூரியில், தன்னைப்போல் படையிலிருந்து வந்த இன்னொரு தமிழரைச் சந்திப்பது அபூர்வம். வகுப்பிலும் தனி, தாமானிலும் தனி.

யாரும் சொல்லாத மூன்று எழுத்து

மாமா நின்று ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, தீபாவளிக்கு வந்த பழைய நண்பர் ஒருவர், அவரும் முன்னாள் படைவீரர்தான், கேட்டாராம்: “ஏபெல் போட்டியா?”

மாமா அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஏபெல் என்பது அனுபவத்தால் கற்றதை அங்கீகரிக்கும் முறை. எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி நிர்ணய முகவையின் விதிகளின்படி நடக்கிறது. இதில் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை முக்கியமாக இரண்டு.

முதலாவது, ஏபெல்-ஏ. இது நுழைவுக்கானது. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தகுதி போதாதவர்கள், வேலை அனுபவத்தைக் காட்டி, திறனறித் தேர்வும் அனுபவக் கோப்பு மதிப்பீடும் கடந்து சேரலாம். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 20 வயது, இளங்கலைப் பட்டத்துக்கு 21, முதுகலைக்கு 30. சேர விரும்பும் துறைக்குத் தொடர்புள்ள அனுபவம் வேண்டும்.

இரண்டாவது, ஏபெல்-சி. இதுதான் மாமாவுக்கு உதவியது. ஏற்கெனவே தெரிந்த பாடத்துக்கு, தேர்வு எழுதியோ சான்றுக் கோப்பு கொடுத்தோ கிரெடிட் பெறும் வழி. ஒரு படிப்பின் மொத்த கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை இப்படிப் பெறலாம். டிப்ளோமா என்றால் குறைந்தது 90 கிரெடிட். அதில் 30 விழுக்காடு என்பது 27 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கும் மேலான பாடம். அவ்வளவு கட்டணமும் அவ்வளவு மாதமும் மிச்சம். ஆனால் எல்லாக் கல்லூரிகளும் இதைச் செய்வதில்லை. அதற்கு அனுமதி பெற்ற நிலையங்களில்தான் முடியும்.

பட்டம் வேண்டாம், கைத்தொழிலுக்குச் சான்றிதழ் போதும் என்பவர்களுக்கு, திறன் மேம்பாட்டுத் துறையின் பி.பி.டி. வழி இருக்கிறது. வாகனப் பழுதுபார்ப்பு, மின்சாரம், சமையல் என்று படையில் செய்த வேலைக்குச் சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து எஸ்.கே.எம். சான்றிதழ் பெறலாம்.

மாமா இரண்டாவது முறை வேறொரு கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பதிவுப் பிரிவில் இருந்த ஓர் அம்மையார் அவருடைய கோப்பைப் புரட்டிவிட்டு, “இந்த கோர்ஸ்ல என்ன சொல்லிக் கொடுத்தாங்க? எத்தனை வாரம்? தேர்வு இருந்துச்சா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். வானொலித் தொடர்பு, கேபிள் பொருத்துதல், பணியிடப் பாதுகாப்பு ஆகிய பாடங்களுக்கு கிரெடிட் கிடைத்தது. மிச்சமான நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுத்தார். ஒரு மூத்த விரிவுரையாளர் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், வயதில் பெரிய நான்கு மாணவர்களுக்கு மட்டும், பின்னத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொடுத்தார்.

“அந்தம்மா என்கிட்ட கேட்ட கேள்விய முதல் காலேஜ்ல யாராச்சும் கேட்டிருந்தா, எனக்கு ரெண்டு வருசம் மிச்சம்” என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடம்

படைவீரர்களைக் கல்லூரிக்கு அனுப்பும் வேலையைப் பெரிய அளவில் முதலில் செய்து காட்டிய நாடு அமெரிக்கா. இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே, 1944 ஜூன் 22-இல், அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ‘ஜி.ஐ. பில்’ என்று மக்கள் அதை அழைத்தார்கள். கல்விக் கட்டணம், புத்தகச் செலவு, மாதாந்தரப் படித்தொகை எல்லாம் அரசாங்கம் கொடுத்தது. 1947-இல் அந்நாட்டுக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். இருபத்திரண்டு லட்சம் பேர் அந்தச் சட்டத்தின் துணையோடு கல்லூரிப் படிப்புக்குப் போனார்கள்.

மலேசியாவின் படை சிறியது, பணம் வேறு, காலம் வேறு. அந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கேட்பதில் பொருளில்லை. ஆனால் பெரிய செலவில்லாமல் அங்கே செய்த சில காரியங்கள் நமக்கும் பொருந்தும்.

ஒன்று, படைப் பயிற்சியைப் பாடமாக மொழிபெயர்ப்பது. அமெரிக்கக் கல்வி மன்றம் அந்தக் காலத்திலிருந்தே படைப் பயிற்சிகளை ஆராய்ந்து, இந்தப் பயிற்சிக்கு இத்தனை கிரெடிட் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்து வருகிறது. வீரர் வெளியே வரும்போது அவருடைய பயிற்சிகள் எல்லாம் ஒரே மதிப்பெண் பட்டியலாகக் கையில் கிடைக்கும். இங்கே மாமா தம்முடைய சான்றிதழ்களைத் தாமே தேடி, தாமே விளக்கி, தாமே கெஞ்ச வேண்டியிருந்தது.

இரண்டு, கல்லூரி ஊழியர்களுக்குச் சிறு பயிற்சி. வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘கிரீன் ஸோன்’ திட்டத்தில், பயிற்சி பெற்ற விரிவுரையாளர்கள் தங்கள் அறைக் கதவில் ஓர் ஒட்டி ஒட்டிக்கொள்வார்கள். ‘படையிலிருந்து வந்தவர் இங்கே வந்து பேசலாம்’ என்று அதற்குப் பொருள். அவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். யாரிடம் அனுப்பவேண்டும் என்று தெரிந்தவர்கள்.

மூன்று, முன்பதிவு உரிமை. அங்கே பல கல்லூரிகளில் முன்னாள் வீரர்கள் மற்றவர்களுக்கு முன்பே பாடங்களுக்குப் பெயர் கொடுக்கலாம். பார்க்க சலுகைபோல் தெரியும். ஆனால் வேலையும் பிள்ளைகளும் உள்ள ஒருவருக்கு, செவ்வாய் வியாழன் மாலை வகுப்பு கிடைப்பதும் கிடைக்காததும்தான் படிப்பா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. காகிதத்தில் அது எல்லா வீரர்களுக்கும் பொது. நடைமுறையில், குறிப்பாகத் தென் மாநிலங்களில், கறுப்பின வீரர்கள் பலருக்கு அந்தப் பலன் எட்டவில்லை. வெள்ளையர் கல்லூரிகள் சேர்க்கவில்லை. கறுப்பினக் கல்லூரிகளில் இடம் போதவில்லை. உள்ளூர் அலுவலகங்கள் வழிகாட்டவில்லை. திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் கையில்தான் அதன் பாதி உயிர். ஏபெலும் அப்படித்தான். விதி இருக்கிறது. மாமாவுக்கு அதைச் சொல்ல முதல் கல்லூரியில் ஆள் இல்லை.

வீரரும் அல்ல, நோயாளியும் அல்ல

படையிலிருந்து வந்த மாணவரை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள் என்றார் மாமா. “ஒண்ணு, ஹீரோன்னு மேடைல ஏத்தி விடுவாங்க. இல்லன்னா, எப்ப என்ன ஆகுமோன்னு ஒதுங்கிப் போவாங்க. ஒரு பையன் வந்து, அங்கிள், நீங்க யாரையாச்சும் சுட்டிருக்கீங்களான்னு கேட்டான். நான் அன்டெனா கட்டினவன்டான்னேன். நம்பல.”

ஜூலை 31, ஹரி பஹ்லாவான் நாளன்று, அறிவிப்பில்லாமல் அவரை எழுப்பி நிறுத்தி வகுப்பில் கைதட்டினார்களாம். நல்ல எண்ணம்தான். ஆனால் அன்று மாலை ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை எப்படி எழுதுவது, மேற்கோளை எப்படிக் குறிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் வரவில்லை.

மனக்காயம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். தூக்கம் வராதவர்கள், திடீர்ச் சத்தத்தில் விதிர்விதிர்த்துப் போகிறவர்கள், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தால்தான் நிம்மதி என்பவர்கள். அவர்களுக்கு ஆலோசனைச் சேவை வேண்டும். அதை வெட்கப்படாமல் கேட்கும் வழியும் வேண்டும். ஆனால் எல்லோரும் அப்படி என்று நினைப்பது அநியாயம். பெரும்பாலும் இவர்களுக்கு வேண்டியது மிகச் சாதாரணமானது: காது கேட்கும் இடத்தில் ஓர் இருக்கை, கணிதத்துக்கு ஒரு சனிக்கிழமை, தம்மைப்போல் இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தேநீர் குடிக்க ஒரு மேசை.

அந்த மேசையை லேசாக நினைக்க வேண்டாம். இருபது வருடம் குழுவோடு உண்டு உறங்கிய மனிதர், திடீரென்று தனியாக உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். மாமாவுக்கு அந்தக் கல்லூரியில் கணிதத்தைவிடக் கடினமாக இருந்தது மதிய உணவு நேரம் என்று அத்தை பின்னால் சொன்னார்.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

நான் கல்லூரி நடத்துகிறவள் அல்ல. ஆனால் விளம்பர இடைவேளையில் உங்கள் பெயர்களை வாரத்துக்கு எத்தனையோ முறை வாசிக்கிறவள். அந்த உரிமையில் கேட்கிறேன்.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: ‘நீங்கள் ஆயுதப்படையில் பணியாற்றியவரா?’ இதைக் கேட்காவிட்டால், உங்களிடம் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது.

ஆம் என்று எழுதியவரை ஒரே ஒரு பொறுப்பாளரிடம் அனுப்புங்கள். ஏபெல், கடன், ஜே.எச்.இ.வி. ஆவணங்கள், கட்டணத் தவணை எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கட்டும். ஆறு கவுண்டருக்கு அலைய விட வேண்டாம்.

வகுப்பு தொடங்கும் முன் கணிதத்துக்கும் கட்டுரை எழுதுவதற்கும் ஓர் ஆயத்த வகுப்பு வையுங்கள். வேலை பார்த்துவிட்டுப் படிக்க வரும் எல்லோருக்கும் அது உதவும். தொழிற்சாலையிலிருந்து வருகிறவர், பிள்ளைகளை வளர்த்துவிட்டு வரும் தாய்மார் எல்லோரும் உட்காரலாம்.

இரண்டு வாரம் வராவிட்டால் அழைத்துக் கேளுங்கள். கட்டணத்துக்காக அல்ல.

குடும்பங்கள் செய்ய வேண்டியது

நம் பக்கமும் வேலை இருக்கிறது. வீட்டில் ஒருவர் படையிலிருந்து வெளியே வரப்போகிறார் என்றால், ஓய்வு பெறும் நாளுக்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். அவர் போன ஒவ்வொரு பயிற்சியின் சான்றிதழையும் ஒரே கோப்பில் சேருங்கள். எந்த ஆண்டு, எத்தனை வாரம், என்ன கற்றார் என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். வெளியே வந்த பிறகு முகாம் முகாமாகத் தேடுவது கடினம்.

கல்லூரிக்குப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். ஏபெல்-சி இங்கே உண்டா? எந்தெந்தப் பாடத்துக்கு? மாலை அல்லது வாரக்கடைசி வகுப்பு உண்டா? பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை வேலை செய்துகொண்டே படிக்கும் பெரியவர்களை மனத்தில் வைத்து உருவானவை. அங்கும் விசாரியுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து ‘வயசாயிடுச்சு, படிப்பு ஏறல’ என்று பேசி முடிக்காதீர்கள். எங்கள் வீட்டில் நாங்கள் அப்படித்தான் பேசினோம். மாமா அப்போது அடுத்த அறையில்தான் இருந்தார் என்று இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

மாமா 2022-இல் டிப்ளோமா முடித்தார். அப்போது வயது 45. பட்டமளிப்புக்கு அங்கி வாடகைக்கு எடுத்தபோது, அவருடைய மகள் பல்கலைக்கழகத்தில் இருந்தாள். இருவரும் ஒரே ஆண்டில் தேர்வுக்குப் படித்தார்கள். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் இவர். இப்போது ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் களப்பணி மேற்பார்வையாளர்.

நான் அந்த அக்காளைத் திரும்ப அழைத்தேன். விசாரித்ததை எல்லாம் சொன்னேன். குறித்துக்கொண்டார். கடைசியில், “இதெல்லாம் அவருகிட்ட நான் சொன்னா ஏறாது தங்கச்சி. படையில இருந்தவங்க யாராச்சும் பேசினா நல்லாயிருக்கும்” என்றார்.

மாமாவின் அனுமதியோடு எண்ணைக் கொடுத்தேன். அன்று இரவே அந்த அண்ணன் அழைத்துவிட்டாராம். இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினீர்கள் என்று மாமாவிடம் கேட்டேன்.

“பேரு, ரெஜிமென்ட் எல்லாம் அப்புறம் கேட்டேன். முதல்ல, கோர்ஸ் சர்டிபிகேட் எல்லாம் எங்க வெச்சிருக்கன்னுதான் கேட்டேன். ஒரு பெட்டியில இருக்கு, எந்தப் பெட்டின்னு தெரியலன்னான். தேடி எடுத்துட்டு சனிக்கிழமை வீட்டுக்கு வான்னு சொல்லியிருக்கேன்.”